பாடும் பந்தும்
இடைநிலைக் கோப்பை ஒன்றின் வரலாறு

வென்றவன் தன்னிடத்தில் நிலைத்திருப்பதே உலகத்து வழக்கம். அரியணை ஏறியவன் இறங்க விரும்புவதில்லை. வளமான துறையைப் பிடித்தவன் அதைப் பிறர்க்கு விடுவதில்லை. இவ்வழக்கத்திற்கு மாறாக, வென்ற இடத்தை விட்டு அகலுவதையே விதியாக்கிக் கொண்ட சமூகங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்கிறது. மற்றொன்று ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அயர்லாந்துத் தீவில் வாழ்கிறது. முன்னது வலையால் ஆன வழக்கம். பின்னது பந்தால் ஆன வழக்கம்.

பழவேற்காடு இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகைக்கு அடுத்த பெருமையுடையது. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் கலக்கின்றன. 1613இல் டச்சுக்காரர் இங்கு கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்தது, அவர்தம் கல்லறைகளே எஞ்சின. ஆனால் மீனவர் வகுத்த பாட்டு முறை அழியவில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் துறைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஒன்றில் வலை நிறையும். மற்றொன்றில் நீரே மிஞ்சும். ஆதலின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் உரிமையுடைய மீனவர், சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் அத்துறைகளைப் பகிர்ந்துகொண்டனர். இன்று நல்ல துறை பெற்றவன் நாளை அதை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். 'பாடு' என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம், பங்கு எனப் பல பொருள் உண்டு. ஏரிக்கரையில் அவை அனைத்தும் ஒருங்கே பொருந்துகின்றன.

இனி அயர்லாந்திற்கு வருவோம். 1884 நவம்பர் 1ஆம் நாள் தர்லசு நகரத்து விடுதி ஒன்றில் மைக்கேல் கியூசாக், மாரிசு டேவின் முதலியோர் கூடிக் கேலிக் விளையாட்டுக் கழகத்தை நிறுவினர். நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம் அது. மொழி தேய்ந்துகொண்டிருந்தது, பஞ்சத்தாலும் புலம்பெயர்வாலும் ஊர்கள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. தங்கள் மண்ணின் ஆட்டங்களையாவது காக்க வேண்டும் என்பதே நிறுவியோர் நோக்கம். அவற்றுள் ஒன்று கேலிக் கால்பந்து. அணிக்குப் பதினைவர், பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். வலைக்குள் சென்றால் மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்திற்கு மேலே கம்பங்களுக்கிடையே சென்றால் ஒரு புள்ளி. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு புள்ளி என்னும் புதுவிதி 2025இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விளையாட்டு குருதியும் கண்டது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பூங்காவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரசுப் படையினர் சுட்டதில் பதினால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் திப்பரேரி அணியின் மைக்கேல் ஓகன். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும் அக்கழகத்தின் உயிர்நிலை தலைநகரத்து அரங்கில் இல்லை; ஊர்களில் உள்ளது. கழகம் என்பது அங்கே பெரும்பாலும் ஒரு பங்கின், அதாவது ஒரு மாதாகோயில் எல்லையின் அணி. ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. பிறந்த ஊருக்கு ஆடுவதே முறை. பொருளுக்காக அணி மாறுதல் மரபன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் கழகங்கள் தலைநிலை, இடைநிலை, கடைநிலை எனத் தரம் பிரிக்கப்பட்டு, தத்தம் தரத்தாருடன் மோதுகின்றன.

இவற்றுள் இடைநிலைக் கோப்பையே நம் சிந்தனைக்கு உரியது. அதை வென்ற ஊர் அடுத்த ஆண்டு தலைநிலைக்கு உயர்த்தப்படும். தலைநிலையில் தோற்றுத் தாழ்ந்த ஊர் இடைநிலைக்கு இறங்கிவரும். ஆகவே கோப்பையை வென்றவர் மறு ஆண்டு அதைக் காக்க வந்து நிற்க இயலாது. வெற்றியின் பரிசே வெளியேற்றம்தான்! உயர்ந்த ஊர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கி வருவதும் உண்டு. மாவட்டத்தில் வென்ற இடைநிலை அணி மாகாணப் போட்டிக்குச் செல்லும். 2004 முதல் அகில அயர்லாந்து இறுதி வரையும் அவ்வணிக்கு வழி திறந்தது. வயலிலும் பள்ளியிலும் கடையிலும் பணிபுரியும் இளைஞர், 82,000 பேர் அமரத்தக்க குரோக் பூங்காவில் ஒருநாள் தம் ஊர்ச்சட்டை அணிந்து நிற்கின்றனர்.

தமிழகக் கடற்கரைக்கு இது முற்றிலும் அயலானதன்று. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்களிலும் ஊரே அணி, பங்கே எல்லை. அவ்வூர்களுள் ஒன்றான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராசு 2019இல் இந்திய அணிக்கு ஆடினார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அக்கரையின் மீனவர் பலரைக் கொண்டுபோனது. அத்தகைய கரையில் மைதானம் வெறும் பொழுதுபோக்கிடமன்று. இழப்புக்குப் பின் ஊர் மீண்டும் ஒன்றுகூடும் இடமுமாகும். ஆயினும் அங்கிருந்து மேலே செல்லும் படி நீண்டகாலம் தெளிவாக இல்லை. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் கீழிருந்து வென்று ஏறும் வழி முதலில் இல்லவே இல்லை. 2023இல்தான் பஞ்சாப் அணி ஐ-லீக்கை வென்ற தகுதியால் மேலே ஏறியது. சூசைராசைப் போன்ற தனியொருவர் ஏறலாம். ஊர் ஏற இயலாது என்பதே அதுவரை இருந்த நிலை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் கடற்கரை மக்கள் நன்கறிவர்.

பாட்டு முறையும் குறையற்றதன்று. உரிமையுடையோர்க்குள் அது நீதி செய்தது. உரிமையற்ற குப்பத்தார்க்கு அது அடைத்த கதவு. இதனால் ஏரியில் பூசல்கள் மூண்டதை வரலாறு காட்டுகிறது. அயர்லாந்தின் கோப்பையோ கடைநிலைக் கழகத்திற்கும் ஏணி வைக்கிறது. ஆனால் தோற்றவன் வயிற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. ஒன்று பசிக்கு முறை வகுத்தது; மற்றொன்று பெருமைக்கு முறை வகுத்தது. இரண்டையும் இன்று ஒரே பகை நெருங்குகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் குறையும்போது ஏரிக்கரை இளைஞன் ஆலைவேலை தேடிப் போகிறான். அயர்லாந்துச் சிற்றூர் இளைஞன் டப்ளினுக்கோ ஆசுதிரேலியாவுக்கோ போகிறான். ஆள் குறைந்த பக்கத்து ஊர்கள் இரண்டு சேர்ந்து ஓரணியாவது அங்கே வழக்கமாகி வருகிறது. குலுக்கச் சீட்டு இருந்து பெயர் இல்லையேல் பாடு ஏது? சட்டை பதினைந்து இருந்து ஆள் இல்லையேல் கோப்பை ஏது?

தமிழ் எழுத்துக்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்த முன்னோர் இடையினத்தைக் குறைவாகக் கருதவில்லை. யரலவழள இல்லையேல் தமிழின் ஓசை ஓடாது. 'தமிழ்' என்னும் பெயரே ழகரத்தில்தான் முடிகிறது. சமூகத்திலும் அவ்வாறே. உச்சியில் இருப்போரை உலகம் பாடும். கடையில் இருப்போர்க்கு இரங்கும். நடுவில் நின்று ஏறியும் இறங்கியும் ஊரின் பெயரைச் சுமப்போரைப் பாடுவார் அரியர். அவர்களைப் பாடுவதும் ஒரு பாடுதான்.