எழுபது வளைவும் ஓர் எஃப்.சி.யும்

வாடகைக்கு ஓடும் வண்டி ஒவ்வொன்றும் குறித்த காலத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்துக்குப் போய், தகுதிச் சான்று பெற்றுத் திரும்ப வேண்டும். ஓட்டுநர்கள் இதை எஃப்.சி. என்பார்கள், சான்று கொடுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் பலர் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிறார்கள். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஒன்றியத்தில் ஆலத்தூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என 14 ஊராட்சிகள் இருக்கின்றன. அங்கே ஓடும் குட்டி யானைக்கும் பிக்கப்புக்கும் நானூத்தி ஏழுக்கும் இதே சான்றுதான். சமவெளியை விட்டு ஏறாத வண்டிக்கும் இதே சான்றுதான். இது தற்செயலாக நேர்ந்த குறை இல்லை. வண்டி யாருக்காக ஓடுகிறது என்று கேட்டுப் பிறந்த சட்டம் இது. எந்தச் சாலையில் ஓடுகிறது என்ற கேள்வியை அது தொடக்கத்திலிருந்தே கேட்கவில்லை.

1930களில் இந்தியாவில் மோட்டார் வண்டியைப் பற்றி அரசு கவலைப்பட்டதற்கு முதற்காரணம் ரயில்வே. பஸ்ஸும் லாரியும் ரயிலின் பயணிகளையும் சரக்கையும் பிடுங்கிக்கொண்டன. இந்தப் போட்டியை ஆராய்ந்து 1933-இல் வந்தது மிட்செல் – கிர்க்னஸ் அறிக்கை. 1937-இல் வெட்ஜ்வுட் குழுவும் ரயில்வேயின் நிலையை ஆராய்ந்தது. இவற்றின் தொடர்ச்சியாகவே 1939-இன் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பர்மிட் முறையை நாடு முழுவதற்கும் நிலைநாட்டிய அதே சட்டம், தன் 38-ஆம் பிரிவில், தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டியின் பதிவே செல்லாது என்றது. பாதுகாப்பு அதன் நோக்கங்களில் ஒன்றுதான். ஆனால் வண்டிகளைப் பிரித்த கோடு தொழில் என்னும் கோடு. 1988-இன் சட்டம் அந்த வாசகத்தை 56-ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்டது. கோடு இடம் மாறவில்லை. அதனால்தான் மஞ்சள் போர்டு வண்டி அடிக்கடி எஃப்.சி. காட்டுகிறது. பக்கத்திலேயே இறங்கும் சொந்த உபயோக வெள்ளை போர்டு ஜீப்போ பதிவு முடியும் 15 ஆண்டுவரை எந்த மைதானத்தையும் மிதிப்பதில்லை. மலைப்பாதையின் வளைவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 1960-இல் தொடங்கிய சோதனை, சொந்தக் காரையும் சேர்த்தே பிடித்தது. முதலில் பத்து வயதைத் தாண்டிய வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மட்டும் பார்த்தார்கள். 1967-க்குள் மூன்று வயதிலேயே சோதனை என்றாயிற்று. 3,000 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரையிலான சரக்கு வேன்களுக்கு அங்கே தனி வகுப்பு உண்டு. வண்டியின் எடையைப் பார்த்துச் சோதனையைப் பிரிக்க முடியும் என்றால், அது ஓடும் சாலையைப் பார்த்தும் பிரிக்க முடியும் என்பதுதான் இதில் நமக்கு உதவும் செய்தி.

சாலை ஏன் அவ்வளவு முக்கியம்? காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை ஏறி இறங்கினால் 140. ஆண்டுக்கு 300 நாள் அப்படிப் போனால் 42,000. கொல்லிமலையின் விளைச்சலான பலா, வாழை, அன்னாசி, மிளகு, காபி எல்லாமே கீழே போக வேண்டியவை. ஒரு காலத்தில் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக இறங்கிய சரக்கு இன்று வண்டியில் இறங்குகிறது. அதாவது பாரம் நிறைந்திருப்பது இறக்கத்தில்தான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநரின் பாலபாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. ஈரம் கோத்த பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் கொதித்துக் குமிழ்விட, பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். காலையில் மைதானத்தில், வெற்று வண்டியில், ஆறிய டிரம்மோடு ஒரு மிதி மிதித்துப் பார்ப்பதில் இதில் எதுவும் தெரியாது. எஃப்.சி.க்கு முன் பட்டறையில் நடக்கும் டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவை கண்ணுக்குத் தெரிவதைச் சரிசெய்கின்றன. சோதனை எதைப் பார்க்கிறதோ அதைத்தான் உரிமையாளரும் செய்வார்; அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

விபத்துக்கு வேகமும் ஓட்டுநரின் கவனக்குறைவும்தானே காரணம், வண்டியைச் சோதித்து என்ன ஆகும் என்று கேட்கலாம். மத்திய அரசின் ஆண்டறிக்கைகளிலும் அதிவேகமே முதற்காரணமாக வருகிறது. ஆனால் சூடேறிப் பிடி விட்ட பிரேக், ஆறியதும் மறுபடி பிடிக்கும். பிறகு பார்ப்பவருக்கு அது வேகமாகவே தெரியக்கூடும். வேகம் கூடியது உண்மைதான்; குறைக்க முடியாமல் கூடியதா என்பதை அந்த அறிக்கைகள் சொல்லாது.

இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம். ஒரே வண்டியை வைத்து ஓட்டிப் பிழைப்பவருக்கு எஃப்.சி. என்றால் கட்டணம், பட்டறைச் செலவு, ஒரு நாள் வருமானம் மூன்றும் போகும். இதை உணர்ந்தது போலத்தான் 2018-இல் விதி தளர்ந்தது: எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். தளர்வு நியாயமானது, அளவுகோல்தான் பொருந்தவில்லை. காலண்டரை வைத்து வயதைக் கணக்கிட்டால், சமவெளியின் எட்டு ஆண்டும் மலையின் எட்டு ஆண்டும் ஒன்றாகிவிடும். சிறு உரிமையாளரின் செலவை ஒப்புக்கொள்வதாலேயே, அந்தச் செலவு அவர் உயிரைக் காக்கும் பாகத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். பெயின்ட் மங்கியிருந்தால் வண்டி கவிழாது.

தானியங்கிச் சோதனை நிலையங்கள் வந்தால் இது தீராதா? 2019-இன் சட்டத் திருத்தம் அதற்கு வழி வகுத்தது. 2022-இல் கட்டாயமாக்கும் அறிவிப்பு வந்து, கெடு பிறகு தள்ளிப்போனது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றி அளக்கும் கருவி, இடது வலது பிடிமான வேறுபாட்டை எண்ணாகவே காட்டிவிடும். வளைவில் வண்டியை ஒரு பக்கம் இழுப்பது அந்த வேறுபாடுதான். ஆய்வாளரின் கண்ணைவிட அது மேல். ஆனால் அதுவும் ஆறிய பிரேக்கைச் சில நொடிகளே அளக்கிறது. மலை வண்டிக்கு லைனிங்கின் கனம், பிரேக் ஆயிலில் சேர்ந்த ஈரம், பாரத்தோடு சரிவில் நிற்கும் ஹேண்ட் பிரேக் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. லாரிக்கு பாடி கட்டிப் பேர் வாங்கிய நாமக்கல்லில் இதற்கான கைகளுக்கும் பஞ்சமில்லை. விதியில் மாற வேண்டியது சோதனைப் பட்டியலும் அதன் கால அளவும்தான்: மலைப்பாதையில் தொழில் செய்யும் வண்டிக்கு, வயது எதுவானாலும், பிரேக்குக்கு மட்டும் ஆண்டுதோறும் ஒரு சோதனை, அதற்குக் குறைந்த கட்டணம், நாள் கெடாமல் மலையிலேயே முகாம். ரயிலுக்குப் போட்டி என்ற கவலையில் வரைந்த கோட்டை, ரயிலே ஏறாத மலையிலும் அப்படியே வைத்திருக்கக் காரணம் எதுவும் எஞ்சவில்லை.