‘கோயெட்’ தப்பு, ‘வென்ட்’ சரி: ஏன்?

போன வாரம் என் ஆறு வயது மகள், "ஐ கோயெட் டு பார்க்" என்றாள். "தப்பு, வென்ட்னு சொல்லு" என்றேன். "ஏன்ப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "கோ, வென்ட், கான்" என்று பள்ளியில் பட்டியலை மனப்பாடம் செய்தவன் நான். மாற்றிச் சொன்னால் உள்ளங்கையில் பிரம்படி. ஏன்னு கேட்கிற தைரியம் அப்போ கிடையாது. அந்த ‘ஏன்’ஐத் தேடியதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

விதி மீறியவை என்று நாம் படித்த வினைகளில் பல, உண்மையில் ஒரு பழைய விதியின் மிச்சங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், நடுவில் உள்ள உயிரொலியை மாற்றியே இறந்தகாலம் காட்டும் வினைகள் ஏராளம். சிங், சேங், சங் அந்த வகைதான். இவற்றை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். இவற்றுக்கு ‘வலிய வினைகள்’ என்று பெயர் வைத்தவர் யாக்கோப் கிரிம். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரேதான்! கடைசியில் ‘எட்’ போல ஒன்றை ஒட்டிக்கொள்பவை ‘மெலிய வினைகள்’. வேடிக்கை என்னன்னா, கடைசியில் ஜெயித்தது மெலியதுதான். மொழிக்குள் புதிதாக வந்த வினைகள் பெரும்பாலும் ‘எட்’ பக்கமே சேர்ந்தன. பழையவையும் ஒவ்வொன்றாகக் கட்சி மாறின. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் ‘ஹெல்ப்’ என்பதற்கு ‘ஹோல்பென்’ என்ற வடிவம் இருக்கிறது. இன்று வெறும் ‘ஹெல்ப்ட்’.

எது மாறும், எது நிற்கும்? 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று மிஞ்சியவை 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாக ‘எட்’டுக்கு மாறிவிடுகிறதாம். தினமும் நாக்கில் புரளும் சொல்லை யாரும் மறப்பதில்லை. எப்போதாவது வருவதற்குத்தான் பொது விதி தேவைப்படுகிறது.

‘வென்ட்’ கதை இன்னும் சுவாரசியம். அது ‘கோ’வின் சொந்தப் பிள்ளையே இல்லை! ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது (செண்ட், சென்ட் மாதிரி). ‘கோ’வுக்கு இருந்த பழைய இறந்தகால வடிவம் வழக்கொழிய, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, குழந்தைக்கு ‘கோயெட்’ எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர், அர்த்தமே இல்லாத புதுச் சொற்களைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். கேட்டே இராத வினைக்கும் பல குழந்தைகள் இறந்தகாலம் போட்டுக் காட்டினார்கள். ஆக, குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லை. விதியையும் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

நம்ம கதையும் இதேதான். சொல், நில், வில் மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன. ஆனால் சொன்னான், நின்றான், விற்றான். இதற்காக யாரும் நம்மை அடிக்கவில்லை. காதால் கேட்டே வந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன்: "நீ சொன்னது விதிப்படி சரிதான்டா. இந்த வார்த்தைதான் விதிக்கு அடங்காதது." புரிந்ததோ இல்லையோ, சிரித்தாள். நான் ‘தப்பு’ என்று சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.