விவேக் நகரின் வியாழக்கிழமைகள்: சாட்சி மரபின் இரு வழிகள்

பெங்களூரு விவேக் நகரின் குழந்தை இயேசு திருத்தலம் 1970-களின் தொடக்கத்தில் ஒரு கூடாரத்தில் உருவானது. இன்று வியாழக்கிழமைதோறும் அங்கே கூட்டம் நெரிகிறது. ஜனவரி 14 திருவிழா என்றால் சொல்லவே வேண்டாம். பிள்ளை வரம் கேட்போர், கடனில் தவிப்போர், வேலை தேடுவோர் என மத வேறுபாடின்றி வருகிறார்கள். அவர்களில் தமிழர் பலர். அங்கே ஒருவர் தாம் பட்ட பாட்டைச் சொல்ல, இன்னொருவர் கேட்டுத் திடம் பெறுகிறார். ‘சாட்சி’ எனப்படும் இந்தப் பழக்கத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் இரண்டு வேர்கள் உண்டு.

முதலாவது, சீர்திருத்தச் சபைகளின் சாட்சி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் பின்வந்தோரும் எழுதிய கடிதங்கள் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. மனம் மாறிய தமிழரின் கதைகள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் சொன்னவர் மிஷனெரி, கேட்டவர் ஐரோப்பியர். தமிழர் தம் வாயால் தமிழரிடம் சொல்லியது பெருமளவில் நிகழ்ந்தது 1860-இல், வத்திராயிருப்பு அருகே சுவிசேஷகர் அருளப்பன் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையில். அங்கே எழுந்த ஆன்மிக எழுப்புதலின்போது ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் சபை நடுவே அழுது பாவங்களை அறிக்கையிட்டனர். படிப்போ பதவியோ இல்லாதவர்களின் குரல் சபையில் ஒலித்ததே அதன் பெரும் பேறு என்பேன். அதற்குச் சற்று முன், 1858-இல், வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தம் மனப்போராட்டத்தைப் பின்னாளில் அவரே எழுதினார். 1894-இல் வந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதையே காவியப் பயணமாக விரித்தது என்று படிக்கலாம்.

இவற்றிலெல்லாம் மையம் பாவமும் மீட்பும். இருபதாம் நூற்றாண்டில் அது இடம்பெயர்ந்தது. 1955-இல் தாம் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்ததை நற்செய்தியாளர் டி.ஜி.எஸ். தினகரன் மேடைதோறும் சொன்னார். வேலையின்மை, நோய், விரக்தி ஆகியவை சாட்சியின் பொருளாயின.

இரண்டாவது வேர் கத்தோலிக்க மரபு. அங்கே பாவ அறிக்கை குருவிடம் தனியே செய்வது. ஊரறியச் சொல்லப்பட்டது நன்றி. வேளாங்கண்ணியில் குவியும் வெள்ளி உருவங்கள் சொல்லில்லாச் சாட்சிகள். அதற்குச் சொல்வடிவம் தந்தது நவநாள் வழிபாடு. 1948 செப்டம்பர் 8 அன்று பம்பாய் மாகிமில் சகாய அன்னை நவநாள் தொடங்கியது. பக்தர்களின் விண்ணப்பங்களும் நன்றிக் கடிதங்களும் கூட்டத்தின் முன் வாசிக்கப்படும் வழக்கம் இவ்வகை வழிபாடுகளோடு வேரூன்றியது. பெயர் சொல்லாமல் துன்பத்தைச் சொல்ல முடிந்ததால், மேடையேறத் தயங்கும் குடும்பப் பெண்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

விவேக் நகர்ப் பக்தியின் மூலக்கதையே காயப்பட்ட ஒன்றின் கதைதான். 1628-இல் பிராகா நகரக் கார்மேல் துறவியருக்குக் குழந்தை இயேசுவின் சுரூபம் ஒன்று கொடையாக வந்தது. 1631-இல் சாக்சனி நாட்டுப் படை ஆலயத்தைச் சூறையாடியது. 1637-இல் சிரில் என்னும் துறவி அந்தச் சுரூபத்தைக் குப்பைக்குள் கண்டெடுத்தபோது அதன் கைகள் உடைந்திருந்தன. உடைந்த கைகளோடே அது மீண்டும் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டது. கை செப்பனிடப்பட்டது பிறகுதான்.

இந்த வரிசையைத்தான் இன்றைய சாட்சிகள் மறந்துவிட்டன. கடன் அடைந்தவரும் நோய் தீர்ந்தவரும் பேசுகிறார்கள். தீராதவர் பின்வரிசையில் மௌனமாக இருக்கிறார். கேட்கிற துயரருக்கோ, தனக்கு மட்டும் விசுவாசம் போதவில்லையோ என்ற குற்ற உணர்வு மிஞ்சுகிறது. விவிலியம் அப்படி ஒதுக்கவில்லை. 88-ஆம் சங்கீதம் விடிவே காணாமல் இருளில் முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலில்தான் வைத்திருக்கிறார்கள். திருத்தலங்களும் சபைகளும் நன்றி சொல்பவருக்குத் தரும் அதே ஒலிவாங்கியை, இன்னும் பதில் கிடைக்காமல் வியாழன்தோறும் வந்துகொண்டிருப்பவருக்கும் தர வேண்டும்.