செஞ்சியை ‘ஜிஞ்சி’ என எழுதிய கையில் நம் பாட்டன் பெயர்

தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவனின் பெயரை 1,400 ஆண்டுகள் கழித்தும் வாசிக்கிறோம். அதே ஊர்களின் சேரிகளில் கொள்ளுப்பாட்டன் பெயரைக் கேளுங்கள், பலருக்குத் தெரியாது. நிலம் இல்லாதவனுக்குப் பட்டா இல்லை, கல்வெட்டும் இல்லை. தண்டிக்கும்போது மட்டும் அரசு நம்மைக் கவனமாக எழுதிவைத்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்திலிருந்து கைதிகளைப் பினாங்குக்கும் பென்கூலனுக்கும் நாடு கடத்தியது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் குழுவில் 80 பேர் சென்னை மாகாணக் கைதிகள். அந்நகரின் சாலைகளும் புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பு. கைதிப் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உடல் அடையாளம், குற்றம் ஆகியவை இருக்கும். அக்கால நீதித்துறைத் தொகுதிகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

வாசிப்பதுதான் சிக்கல். செஞ்சியை ‘ஜிஞ்சி’ என்று எழுதிய நிர்வாகம் அது. உகரத்துக்கு இரண்டு ‘ஓ’ போடுவார்கள். குப்பன் ‘கூப்பன்’ ஆவார். அவரை ‘கே’ வரிசையில் மட்டும் தேடாதீர்கள், ‘சி’ வரிசையிலும் தேடுங்கள். சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ பழைய கையெழுத்தில் நீண்டு ‘எஃப்’ போலத் தெரியும். சாதிக் கட்டத்தில் ‘டி, ஓ’ என்று இரண்டே எழுத்து இருந்தால் ‘மேற்படி’ என்று பொருள். மேலே நகர்ந்து முதல் சொல்லைப் பிடிக்க வேண்டும்.

யூகிக்காதீர்கள். மாதப் பெயர், ஊர்ப் பெயர் போன்ற தெரிந்த சொற்களிலிருந்து அந்த எழுத்தரின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தாளில் வரைந்துகொள்ளுங்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். இருக்கிற எழுத்தை அப்படியே படியெடுங்கள். வலிக்கிற சாதிச்சொல்லையும் திருத்தாதீர்கள். பெயர் ஒத்தால் மட்டும் போதாது. தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்த வேண்டும்.

குற்றக் கட்டத்தைக் கண்டு கூச வேண்டாம். அது நீதிமன்றத்தின் சொல். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு விரிந்தபோது, பிறப்பையே குற்றமாக எழுதியதும் இதே அரசுதான். தென்னார்க்காட்டின் வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். குற்றவாளி என்பதை எழுதியவன் யார், எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்பதுதான் வரலாறு.

அந்தப் பட்டியலில் பாட்டன் தன் தரப்பைச் சொல்ல ஒரு கட்டமும் இல்லை. நமக்குப் படிப்பு கிடைத்திருக்கிறது, தோழர்களே. அவர் பெயரையாவது பிழையின்றி வாசிப்போம்.

ஜெய்பீம்.