செம்பியன் மாதேவியார்: சோழர் குலத்து மூதன்னை

சோழநாட்டுத் திருக்கோயில்களின் கற்சுவர்களிலே மாமன்னர் பெயர்களோடு ஒப்ப நின்று விளங்குவது ஓர் அம்மையாரின் திருநாமம். மழவரையர் குடியிற் பிறந்து, கண்டராதித்த சோழரின் தேவியாராகவும், உத்தம சோழரின் அன்னையாராகவும், முதலாம் இராஜராஜனுக்குப் பெரிய பாட்டியாராகவும் வாழ்ந்த செம்பியன் மாதேவியாரே அப்பெருமாட்டி.

கண்டராதித்தர் தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பா அருளிய சிவநேயச் செல்வர். கி.பி. 957ஆம் ஆண்டளவில் அவர் சிவபதம் எய்தியபோது மைந்தர் இளம்பிராயத்தினர். அரசுரிமை தம்பியாராகிய அரிஞ்சயரின் வழிக்குச் சென்றது. சுந்தர சோழருக்குப் பின் உத்தம சோழர் ஆண்டார். 985இல் அரியணை மீண்டும் அரிஞ்சயர் வழியினனான இராஜராஜனை அடைந்தது. இவ்வாறு அரசு கிளை மாறிய காலத்தும், எவர் முடி சூடினும், அம்மையாரின் திருப்பணி நின்றதில்லை. 1001ஆம் ஆண்டு வரையில் அவர்தம் அறங்களைச் சாசனங்களிற் காண்கிறோம்.

செங்கல்லால் அமைந்திருந்த பழந்தளிகளைக் கற்றளிகளாக்குவதே அவர் மேற்கொண்ட பெரும்பணி. கோனேரிராஜபுரம் எனும் திருநல்லம், விருத்தாசலமாகிய திருமுதுகுன்றம், ஆடுதுறையாகிய தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருவாரூர் அரநெறி முதலிய தலங்கள் அதற்குச் சான்று.

இத்துணைப் பணி செய்தவர் பிறர் பெயரைப் போற்றிய பாங்கே சிந்திக்கத்தக்கது. திருநல்லத்துக் கற்றளியைத் தம் கணவர் திருநாமத்தால் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலம் அங்கே சிற்பமாகத் திகழ்கின்றது. அவ்விமானத்தை அமைத்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் பெயரும் அங்கே கல்லில் நிலைபெற்றிருக்கின்றது.

திருக்கோடிகாவில் அவர் செய்தது இன்னும் அரியது. பழைய கோயிலைப் புதுக்கும்போது, முன்னோர் அளித்த நிலத்தையும் பொன்னையும் நந்தா விளக்கையும் குறித்த எழுத்துக்கள் தனிக்கற்களிற் சிதறிக் கிடந்தன. அக்கற்கள் மறைந்தால் அறங்களும் மறைந்துபோகும். ஆதலின் அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவர்களிலே மீண்டும் பொறிக்கச் செய்தார். தமக்கு முன் அவ்விடத்தில் ஒரு விளக்கு வைத்தவரின் பெயரும் அழியலாகாது என்பது அவர் திருவுள்ளம் போலும்!

அத்தகைய அன்னையை அவர் குடும்பமும் மறந்திலது. நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயராலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், கைலாசநாதர் திருக்கோயிலுக்கு உத்தம சோழரின் தேவியர் நிவந்தங்கள் அளித்தனர். மாமியாரின் ஜன்ம நட்சத்திரமாகிய கேட்டைநாள் அங்கே சிறப்புற்றது. அம்மையார் மறைந்த பின்னர், 1019ஆம் ஆண்டில், இராஜராஜன் மைந்தனாகிய முதலாம் இராஜேந்திரன் அக்கோயிலிலேயே அவரது திருவுருவை எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கும் வகை செய்தான். தன் மைந்தனின் வழியில் அரசு நிலைக்காதபோதும், மற்றைக் கிளையினரும் தம் குலத்தாயாகவே அவரைப் போற்றினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆலயங்களைப் புதுக்கிக் குடமுழுக்காட்டும் அன்பர்கள் இவ்வரலாற்றை உளங்கொள்ளுதல் நலம். புதிய கல்லை நாட்டுவது புண்ணியம். பழைய கல்லில் உள்ள எழுத்தைக் காப்பதும் அதற்கு இணையான புண்ணியமே. முன்னோர் ஏற்றிய விளக்கும் இன்று ஏற்றும் விளக்கும் ஒரே சந்நிதியில் ஒளிர்க. செம்பியன் மாதேவியாரின் சிவத்தொண்டு வாழ்க!