கோணலான ஐந்து பட்டைகள்

சில வாரங்களுக்கு முன்னர் என் தம்பியின் மகன் ஒரு மாதிரி விமானத்துடன் வீட்டுக்கு வந்திருந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. அவன் கொண்டுவந்தது, இரண்டாம் உலகப் போரில் படையினரை ஏற்றிச் சென்ற டக்கோட்டா விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் உருவம். பாகங்களை ஒட்டி, இடைவெளிகளை நிரப்பி, தேய்த்து மட்டமாக்கி, தீந்தையும் பூசி முடித்திருந்தான். ஆயினும் முகத்தில் மகிழ்ச்சியில்லை. இறக்கைகளிலும் உடலின் பின்பகுதியிலும் அமைந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளே அதற்குக் காரணம். ஒட்டுநாடாவின் அடியால் கறுப்புத் தீந்தை கசிந்து வெள்ளைக்குள் பரவியிருந்தது. ஒரு பட்டை சற்றுக் கோணலாகவும் அமைந்துவிட்டது.

"எல்லாவற்றையும் சுரண்டிப்போட்டுத் திரும்பப் பூசப்போகிறேன், பெரியப்பா" என்றான்.

"பூசலாம். அதற்கு முதல் இந்தப் பட்டைகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

டக்கோட்டா நமக்கு அந்நியமான விமானமன்று. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கியது இவ்வகை விமானத்தில்தான். ஆனால், எயார் சிலோன் பயணிகளைச் சுமப்பதற்கு முன்னர் அது படையினரைச் சுமந்தது. அமெரிக்கர் அதனை சி-47 என்று அழைத்தனர்.

மாதிரி விமானங்களுக்கும் போருக்கும் உள்ள உறவு பழையது. 1936இல் பிரித்தானியாவின் 'புரொக்' நிறுவனம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் விமானப் பொதிகளை விற்பனைக்கு விட்டது. உண்மையான விமானத்தின் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம் என்பது அக்கணக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, அதே அளவில் ஐந்து இலட்சம் மாதிரிகளை மரத்தில் செய்து தருமாறு பாடசாலை மாணவர்களைக் கேட்டது. அவை முழுவதும் கறுப்பாகப் பூசப்பட்டன. வானில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்து, வருவது எந்த விமானம் என்று இனங்காண வீரர்களைப் பழக்குவதே நோக்கம். நிறமும் சின்னமும் அந்தப் பாடத்துக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பாடம் மட்டும் போதாது என்பதைச் சிசிலித் தீவு உணர்த்தியது. 1943 ஜூலை 11ஆம் திகதி இரவு, துனீசியாவிலிருந்து அமெரிக்கப் பரசூட் படையினரை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் சிசிலியை நோக்கிப் புறப்பட்டன. கரையிலும் கடலிலும் நின்ற நேச நாட்டுப் படைகள் அன்று எதிரியின் குண்டுவீச்சைச் சந்தித்துக் களைத்திருந்தன. முதலில் வந்த விமானங்கள் சேதமின்றிக் கடந்தன. பின்னர் எங்கோ ஒரு துப்பாக்கி வெடித்தது. அதனைத் தொடர்ந்து கப்பல்களும் கரையிலிருந்த பீரங்கிகளும் தம் சொந்த விமானங்களை நோக்கியே சுடத் தொடங்கின. 23 விமானங்கள் திரும்பவில்லை. மேலும் 37 கடுமையாகச் சேதமடைந்தன. எதிரியின் முகத்தையே காணாமல் பல இளைஞர்கள் தம்மவரின் குண்டுகளுக்குப் பலியாகினர்.

நோர்மண்டித் தரையிறக்கத்தைத் திட்டமிட்டவர்களின் மனதில் இந்த அனுபவம் ஆழப் பதிந்திருந்தது. ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே கடற்கால்வாய்க்கு மேலாகப் பறக்கவிருந்தன. கீழே ஆயிரக்கணக்கான கப்பல்கள். ஒவ்வொன்றிலும் பதற்றத்துடன் வானைப் பார்த்து நிற்கும் துப்பாக்கிக்காரர்கள். எனவே, எவரும் தவறவிட முடியாத ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்ற வரிசையில் ஐந்து பட்டைகள். ஒற்றை இயந்திர விமானங்களுக்கு ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். இரட்டை இயந்திர விமானங்களுக்கு 24 அங்குலம். நான்கு இயந்திரப் பெருங்குண்டுவீச்சு விமானங்களுக்கு இது வேண்டப்படவில்லை. அத்தகைய விமானங்கள் ஜேர்மனியரிடம் மிகச் சிலவே இருந்தமையால் குழப்பத்துக்கு இடமில்லை. நேச நாட்டு விமானப்படைகளின் தளபதி டிராபர்ட் லீ-மலோரி 1944 மே 17ஆம் திகதி இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்.

இரகசியம் வெளிப்பட்டால் எதிரியும் அவ்வாறே பூசிக்கொள்வான். ஆகையால், பட்டைகளைப் பூசுமாறு கட்டளை தளங்களுக்குக் கிடைத்தது தரையிறக்கத்துக்கு ஓரிரு நாட்கள் இருக்கையில்தான். துருப்புக்காவி விமானங்களுக்கு ஜூன் 3ஆம் திகதி, போர்விமானங்களுக்கு 4ஆம் திகதி. தளத்தில் இருந்தோர் கிடைத்த தூரிகைகளைக் கொண்டு இரவு பகலாகப் பூசினர். விளிம்பு நேராக வருகிறதா என்று பார்த்துநிற்க அவகாசம் இருக்கவில்லை. அக்காலப் புகைப்படங்களைக் கூர்ந்து நோக்கினால், பல விமானங்களில் பட்டைகள் வளைந்தும் நெளிந்தும் தூரிகைத் தடங்களுடனும் இருப்பதைக் காணலாம்.

இனி மாதிரிக்கு வருவோம். டக்கோட்டாவின் 24 அங்குலப் பட்டை, எழுபத்திரண்டில் ஒரு பங்காகும்போது ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர். முதலில் வெள்ளையைப் பூச வேண்டும். கடும்பச்சையின் மேல் வெள்ளை எடுபடுவதற்கு மெல்லிய பூச்சுகள் பல தேவை. அது நன்கு காய்ந்த பின்னர் ஒட்டுநாடாவால் மறைத்துக் கறுப்பைப் பூச வேண்டும். பிறகு பளபளப்பான வார்னிஷ். அந்த வழுவழுப்பின் மீதுதான், நீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் ஒட்டுப்படங்களான சின்னங்களும் இலக்கங்களும் படிந்து நிற்கும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படத்தின் ஓரம் வெள்ளிபோல் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இறுதியாக மங்கல் வார்னிஷ். அது விளையாட்டுப் பொருளின் மினுக்கத்தைப் போக்கிவிடும்.

பொதிகள் சிலவற்றில் இப்பட்டைகள் ஒட்டுப்படங்களாகவே அச்சிடப்பட்டு வருகின்றன. அவை கோடு பிசகாமல் அமையும். ஆனால், ஜூன் 4ஆம் திகதி இரவில் ஓர் இளைஞன் ஏணியில் நின்று அவசர அவசரமாகப் பூசியதற்கு அந்த நேர்த்தி சாட்சியாகாது.

பட்டைகளின் ஆயுளும் குறைவு. பிரான்சில் தளங்கள் அமைந்ததும், தரையில் நிற்கும் விமானத்தை மேலிருந்து வரும் எதிரிக்கு அவையே காட்டிக்கொடுத்தன. ஒரு மாதத்தில் இறக்கைகளின் மேற்புறத்திலிருந்து நீக்கக் கட்டளை வந்தது. 1944 முடிவதற்குள் அவை முற்றாக மறைந்தன. ஆகவே மாதிரியில் மேற்புறப் பட்டை இருப்பதும் இல்லாததும் அந்த விமானம் எந்த மாதத்துக்குரியது என்பதைச் சொல்லிவிடும்.

இவ்வரலாற்றில் நமது நாட்டைத் தொடும் ஓர் இழையும் உண்டு. நோர்மண்டிக்குப் பின் லீ-மலோரி தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் விமானப்படைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். மவுண்ட்பேட்டன் பிரபுவின் அந்தத் தலைமையகம் அப்போது பேராதனைப் பூங்காவில் இயங்கியது. பதவியேற்கப் புறப்பட்ட அவரது விமானம் 1944 நவம்பர் 14ஆம் திகதி பிரான்சின் அல்ப்ஸ் மலையில் மோதியது. அவரும் துணைவியாரும் உடன் சென்ற அனைவரும் உயிரிழந்தனர்.

அவர் ஏற்கவிருந்த கட்டளைப்பீடமும் அடையாளம் பற்றிய பாடத்தைக் கற்றிருந்தது. பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானியரின் சின்னமும் சிவப்பு வட்டமே. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, அந்தச் சிவப்பு வட்டத்தைத் தாங்கிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சீனன்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்களும் அன்று சுட்டு வீழ்த்தப்பட்டன. 1943இல் இப்பிராந்தியத்துப் பிரித்தானிய விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பு அகற்றப்பட்டது. அமெரிக்கர் தமது நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாதத்திலேயே நீக்கிவிட்டனர். ஆகவே 1944ஆம் ஆண்டின் இலங்கை விமானமொன்றைச் செய்பவர் பழக்கதோஷத்தில் சிவப்புப் பொட்டை ஒட்டினால், அது வெறும் நிறத்தவறு அன்று, வரலாற்றுத் தவறாகும்.

வருவது எவருடைய விமானம் என்பது உயிர்போகும் கேள்வி என்பதை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வடக்கில் வளர்ந்த பிள்ளைகள், பட்டையும் சின்னமும் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்கவில்லை. இரைச்சலைக் கேட்டே வகை சொல்லிப் பதுங்குகுழிக்கு ஓடினார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டபின் தம்பியின் மகன் விமானத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கசிந்த கறுப்பைச் சுரண்டவில்லை. கோணலான பட்டையையும் அப்படியே விட்டுவிட்டான். "ஆனால் பெரியப்பா, மற்றப் பக்கம் நேராக வந்துவிட்டதே, அதை என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டான். அந்தப் பக்கத்தை வேறொருவன் பூசியிருப்பான் என்று சொல்லி அனுப்பினேன்.