செங்கற் பாதையின் மேற்கு முனை

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள சார்லொட்ஸ்வில், தோமஸ் ஜெபர்சன் 1819 இல் நிறுவிய பல்கலைக்கழகத்தால் பெயர்பெற்ற நகரம். அதன் மையக் கடைத்தெருவில் வாகனங்கள் ஓடுவதில்லை. குறுக்கே கடக்கும் ஓரிரு வீதிகள் மட்டுமே விதிவிலக்கு. செங்கல் பதித்த தரை, ஓக் மரநிழலில் உணவக மேசைகள், புத்தகக் கடைகள், வாத்தியக்காரர்கள் என்று மாலைவேளைகளில் தெரு களைகட்டிவிடும். கிழக்கு முனையில், எவரும் எதையும் எழுதிவிட்டுப் போகக்கூடிய நீண்ட கரும்பலகைச் சுவரொன்றும் உண்டு.

1959 இல் நகர மையத்துக்கு வெளியே, விசாலமான வாகனத் தரிப்பிடத்துடன் ஒரு வணிக வளாகம் எழுந்தபோது மையக் கடைகள் வாடத் தொடங்கின. அவற்றை மீட்கவே, நிலவடிவமைப்பாளர் லோரன்ஸ் ஹல்பிரினின் திட்டப்படி 1976 இல் இத்தெரு நடப்பவர்களுக்கென மாற்றப்பட்டது.

2017 ஓகஸ்ட் 12 அன்று, வெள்ளை இனவாதிகளுக்கு எதிராக ஊர்வலம் சென்றவர்கள் மீது ஒருவன் காரை மோதச் செய்து ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைக் கொன்றது இத்தெருவை ஒட்டிய நான்காம் வீதியில்தான். அன்றுதான் உலகம் இவ்விடத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனால், இத்தெருவின் கதையை அதன் மேற்கு முனையிலிருந்து படிக்கவேண்டும் என்பேன்.

அங்கே வினிகர் ஹில் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. வீடுகளோடு அவர்களுடைய கடைகளும் தேவாலயமும் அங்கேதான். தெருவிலுள்ள பரமவுண்ட் திரையரங்கில் அவர்களுக்குப் பக்கவாட்டில் தனி வாசல். வினிகர் ஹில்லிலோ அவர்களே முதலாளிகள். நகரப் புனரமைப்பு என்ற பெயரில் அதை இடிப்பதற்கு 1960 இல் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வரி கட்டியவருக்கே வாக்குரிமை என்றிருந்த காலம் அது; வீட்டை இழக்கவிருந்த பலரால் வாக்களிக்க முடியவில்லை. மிகக் குறுகிய வாக்கு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது.

1960களின் நடுப்பகுதியில் குடியிருப்பு தரைமட்டமானது. பல குடும்பங்கள் அரச தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டன. கடைகள் பல மீண்டும் திறக்கப்படவேயில்லை. இத்தனை அவசரமாக வெறுமையாக்கிய நிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் புல் முளைத்துக் கிடந்ததுதான் கொடுமை. பிறகு அங்கே ஒரு பெரிய ஹோட்டல் எழுந்தது. 2011 இல் நகரசபை மன்னிப்புக் கோரியது. செங்கற் பாதை அந்த ஹோட்டலின் அருகே முடிகிறது.